ஒரு சாண் குறைந்த அங்கி

அஸ்யூத் ஊரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் காவல் நிற்கிறவன் தியாப். அவனிடம் போய் இன்ஸாஃப் வீடு எது என்று கேட்டால் வழி சொல்ல மாட்டான். "எந்தக் கட்டில்?" என்று திருப்பிக் கேட்பான். சொன்னால் சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு சாவியை எடுத்து நீட்டுவான்.

"எதிர்ச் சந்து, பச்சைக் கதவு. வெந்நீர் இருக்கும். பானையில என்ன இருக்கோ அதைத் தின்னு. வர்றப்ப பானையைக் காலியா விட்டுட்டு வராத. போ."

இன்ஸாஃப் வீட்டுச் சட்டம் இவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் சட்டமும் சின்னதுதான்: ஒரு குழந்தைக்கு ஒரு தாய், ஒரு தாய்க்கு ஒரு நாற்காலி. குழந்தையைத் தனியே விட்டுப் போகக் கூடாது. பாலைவனத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தும், மலையோரக் கிராமங்களிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கு மாற்றி உட்கார ஆள் ஏது? நாற்காலியிலேயே உறங்கி, நாற்காலியிலேயே விடிந்து, தலையில் சிக்கு விழுந்து கிடப்பாள். இன்ஸாஃப் காலையில் வந்து அப்படிப்பட்டவளின் தோளைத் தட்டி, "எந்திரி புள்ள, நாத்தம் தாங்கல, போய்க் குளி" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்வாள். தாய்க்காரி பச்சைக் கதவு வீட்டில் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, அடுத்து வருகிறவளுக்குப் பானையில் ஏதாவது ஆக்கி வைத்துவிட்டு வர வேண்டும்.

அதனால் அந்த வீட்டில் ஒருத்தியும் தர்மச் சோறு தின்றதில்லை. தனக்கு முன்னால் குளித்தவள் ஆக்கியதைத் தின்றாள், பின்னால் குளிக்க வருகிறவளுக்கு ஆக்கி வைத்தாள். பருப்பும் எண்ணெயும் யார் வாங்கிப் போட்டது என்று கேட்டால் இன்ஸாஃப் கரண்டியை ஓங்குவாள். ரயில்வேயில் இருந்து செத்த புருஷன் ஷாக்கிரின் பென்ஷன்தான் அந்த அடுப்பில் எரிந்தது. அவளும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

ஆள் பெரிய உருவம். முன்பல்லில் ஒரு சந்து. மக்காவுக்குப் போனதில்லை என்றாலும் தலை நரைத்த அன்றிலிருந்து ஊருக்கே ஹாஜ்ஜா. ஆனால் அவளைப் பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பது அந்தக் கறுப்பு அங்கியைத்தான். முன்பக்கம் கணுக்கால் வரை ஒழுங்காக இறங்கும். பின்னால் இடது ஓரத்தில் மட்டும் ஒரு சாண் குறைந்து, ஷாக்கிரின் பழைய கம்பளிக் காலுறை வெளியே தெரியும். தைத்துத் தருகிறேன் என்று எத்தனையோ தாய்மார் கேட்டாயிற்று. அவள் கொடுப்பதில்லை. அந்த ஒரு சாண் போன கதையைச் சொல்கிறேன்.

அது குளிர்காலம். கார்கா பாலைவனச் சோலையிலிருந்து ராவியா என்று ஒருத்தி ஐந்து வயதுப் பையனோடு வந்தாள். இதயத்தில் ஓட்டை, அடைக்க வேண்டும். பையன் பேர் அவாத். போன பிள்ளைகளுக்கு ஈடாக வந்தவன் என்று அதற்கு அர்த்தம். அவனுக்கு முன்னால் இரண்டு பேர் போயிருந்தார்கள். புருஷன் பேரீச்சந்தோப்பில் கூலி. கொண்டுவந்து விட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். ராவியாவிடம் ஒரு துணி நிறைய வெயிலில் பொங்கவைத்துச் சுட்ட ரொட்டியும், ஒரு தகர டப்பா பேரீச்சம்பழமும் இருந்தன. யாரிடமும் எதுவும் கேட்காத முகம்.

இன்ஸாஃபுக்கு ஒரு பழக்கம். எந்தக் குழந்தையையும் வைதுதான் கொஞ்சுவாள். பூசணித் தலையா, கருவாடே, ஒட்டகத்துக்குப் பொறந்தவனே. தாய்மாருக்கு அது காதில் தேன். கண்ணுபடாமல் இருக்க அதைவிட நல்ல மருந்து உண்டா? வந்த மறுநாளே ராவியாவை எழுப்பிவிடப் போனவள், கட்டிலில் கிடந்த பையனைப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த கறுத்த முகம். அதில் இரண்டு பச்சைக் கண். அந்தக் கண்ணுக்குப் பொருந்தாத அளவுக்கு நீளமான இமைமயிர். வைகிற வார்த்தை வாயில் வரவில்லை.

"இந்தக் கண்ணை எங்கடா வாங்கின? பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கே" என்றாள்.

புகழ்ந்தால் கண்ணு படாமலிருக்கச் சொல்கிற 'மாஷா அல்லாஹ்' நாக்கு நுனியில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் தஹானி வார்டு வாசலிலிருந்து கூப்பிட்டாள். "ஹாஜ்ஜா, கேஸ் சிலிண்டர்காரன் வந்து கத்துறானாம். தியாப் உங்களை வரச் சொன்னான்."

சிலிண்டர் போனால் வெந்நீர் போச்சு. இன்ஸாஃப் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சொல்ல வேண்டிய சொல் நாக்கிலேயே நின்றுவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. ராவியா கவனித்தாள்.

சாயங்காலம் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "சளி பிடிச்சிருக்கு. இது இறங்காம கத்தி வைக்க முடியாது" என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தாள்.

இன்ஸாஃபுக்கு இது தெரியாது. வழக்கம்போல வந்தாள். "எந்திரி புள்ள. நேத்து சிலிண்டர்காரன் கெடுத்தான். இன்னிக்காவது போய்க் குளி."

ராவியா எழுந்திருக்கவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் பையன் முகத்தை மூடினாள்.

"வேண்டாம் ஹாஜ்ஜா."

"ஏன் வேண்டாம்? நாத்தம் உனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டிலைக் கேளு."

"என் நாத்தம் என்னோட இருக்கட்டும். நீங்க இந்தக் கட்டில் பக்கம் வராம இருந்தா போதும்."

ஒருத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் உரித்த கையோடு நின்றுவிட்டாள். இன்ஸாஃப் மூடிக் கிடந்த சால்வையைப் பார்த்தாள். நேற்றுப் பேசியது நினைவுக்கு வந்தது. பேசாமல் விட்டதும் நினைவுக்கு வந்தது. முகம் வெளுத்துப்போய்த் திரும்பி நடந்தாள்.

கண்ணு வைத்தவள் என்ற பேர் வந்துவிட்டால், இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அதுவும் இன்ஸாஃபுக்கு. அவளுடைய ஒரே மகள் நாதிரா இதே வார்டில்தான் போனாள். அது பழைய கதை. ஆனால் துப்புரவுக்காரி ஒருத்திக்குத் தெரியும். ஒருத்திக்குத் தெரிந்தால் வார்டுக்கே தெரிந்த மாதிரி. "பெத்ததைப் பறிகொடுத்தவ. அடுத்தவ புள்ளையைப் பார்க்கறப்ப மனசுல என்ன ஓடுமோ" என்று யாரோ சொன்னார்கள். சொன்னவள் அதற்கு முந்தின நாள்தான் பச்சைக் கதவு வீட்டில் முலூகியா கீரை தின்றுவிட்டுப் போனவள்.

சாவி தியாப்பின் பையிலேயே கிடந்தது. பானையில் யாரோ ஆக்கி வைத்த பருப்பு அப்படியே இருந்தது. இன்ஸாஃப் அதைச் சூடுபண்ணித் தானே தின்றாள். மறுநாளும் அதைத்தான் தின்றாள். அடுத்து ஆக்கி வைக்க யாரும் வரவில்லை.

"என்ன ஹாஜ்ஜா, கடையை மூடிட்டீங்களா?" என்று தியாப் கேட்டான்.

"வாயை மூடு. உன் மீசைக்குக் கண்ணு வச்சிடுவேன்."

"வைங்க. என் பொண்டாட்டி சந்தோசப்படுவா."

இப்படிப் பேசினாலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

இன்ஸாஃபுக்கு உறுத்தியது கெட்ட பேர் அல்ல. நர்ஸ் தஹானி வெளியே வந்தபோது சொன்னது உறுத்தியது. ராவியா நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. கழிப்பறைக்குப் போனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலைப் பார்க்கிறாள். ரொட்டி கல்லாகிவிட்டது. பேரீச்சம்பழத்தைத்தான் மெல்லுகிறாள். யாரும் கொடுத்த டீயைக்கூடத் தொடுவதில்லை. நிற்கும்போது முழங்கால் நடுங்குகிறது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "வியாழக்கிழமைக்குள்ள காய்ச்சல் இறங்கினா புள்ளையை உள்ள கொண்டு போயிடலாம். நீ அதுக்கு முன்னால விழுந்தேன்னா உன்னைப் பெரியவங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்க. புள்ள தாயில்லாம உள்ள போவான். நல்லா இருக்குமா?" என்று சத்தம் போட்டிருக்கிறாள்.

இதைக் கேட்டதும் இன்ஸாஃப் பின்வாசல் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாதிரா போன அன்று இன்ஸாஃப் வார்டில் இல்லை. நாற்காலியிலிருந்து மயங்கி விழுந்தவளைத் தூக்கிப்போய்ப் பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கையில் ஊசி குத்தி, சீசாவைத் தொங்கவிட்டிருந்தார்கள். கண் விழித்துத் திரும்பி வந்தபோது கட்டிலில் வேறு குழந்தை. அன்றைக்குப் பிறகுதான் அவள் அடுத்தவர்களின் நாற்காலிகளில் உட்கார ஆரம்பித்தது. இது தியாப்புக்குத் தெரியும். வேறு யாருக்கும் அவள் சொன்னதில்லை.

'இவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும். ஆனால் நான் பக்கத்தில் போனால் இன்னும் இறுக்கி உட்காருவாள்.' புதன்கிழமை முன்மதியம் வெயிலில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கவாகிப் வந்தாள். மன்ஃபலூத்துக்காரி. நல்ல சதைப்பற்று, நல்ல வாய். அவளுடைய பெண் குழந்தை அவாத்துக்குப் பக்கத்துக் கட்டிலில் தேறிக்கொண்டிருந்தது; இப்போது அது ராவியாவின் பார்வையில்.

"ஸலாம் ஹாஜ்ஜா. என்ன வெயில் பாருங்க. எங்க ஊர்ல இப்ப கரும்பு வெட்டுவாங்க" என்று சொல்லி, பெஞ்சில் அவ்வளவு இடம் இருக்க, இன்ஸாஃபை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இங்க பருப்புல கல் பொறுக்குறோம்."

"பொறுக்குங்க, பொறுக்குங்க. பருப்பு நல்ல பருப்பு. எங்க மாமியாரும் பருப்புலதான்... எங்க மாமனாரும்... அதாவது எங்க வீட்டுல எல்லாருமே பருப்பு..."

பேச்சு எங்கேயும் போய்ச் சேரவில்லை. இன்ஸாஃபுக்குப் பின்பக்கத்தில் துணி லேசாக இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. குளிர்காலத்துக் கெட்டி வெல்வெட். கவாகிப் வானத்தைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

இன்ஸாஃப் ஒரு கல்லைப் பொறுக்கித் தூர எறிந்தாள். "கத்திரி மொக்கையா?" என்றாள்.

கவாகிப்புக்கு மூச்சு நின்றுவிட்டது. கையில் நர்ஸுகள் கட்டுத்துணி வெட்டுகிற சின்னக் கத்திரி.

"எந்தக் கத்திரி ஹாஜ்ஜா?"

"என் பின்னால இருக்குறது. அது கட்டுத்துணி வெட்டுற கத்திரி, இதுக்கு ஆகாது. வீட்டுல ஆட்டுமயிர் வெட்டுறது இருக்கு, எடுத்துட்டு வரவா?"

கவாகிப் பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "நான் சொன்னேன் ஹாஜ்ஜா, அந்த அம்மா அப்படி இல்லைன்னு சொன்னேன். ராவியா கேக்கல. உங்க துணியில ஒரு துண்டு வேணும், எரிக்கணும், இல்லேன்னா காய்ச்சல் இறங்காதுன்னு என் காலைப் புடிச்சா. நானும் புள்ளை வச்சிருக்கேன். என்ன பண்ணுவேன்?"

கண்ணுவைத்தவளின் உடுப்பில் ஒரு துண்டு எடுத்துச் சாம்பிராணியோடு எரித்துப் புகை காட்டினால் கண்ணேறு போகும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்ஸாஃபே எத்தனை பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாள். தன் துணிக்கே கத்திரி வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"எரிக்கறதுன்னா எங்க எரிப்பா?" என்று கேட்டாள்.

"அதை யோசிக்கல."

"வார்டுல முடியாது. ஆக்ஸிஜன் சிலிண்டர் நிக்குது. தஹானி உங்க ரெண்டு பேரையும் எரிச்சிடுவா."

"இங்க வாசல்ல?"

தியாப் தூரத்திலிருந்தே சொன்னான். "வாசல்ல புகை வந்தா டைரக்டர் என் சட்டையை எரிப்பாரு. வேற இடம் பாருங்க."

இன்ஸாஃப் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். என்னவோ ஒன்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பருப்புத் தட்டோடு எழுந்து, சந்தைக் கடந்து வீட்டுக்குப் போய் அதை அடுப்பில் ஏற்றினாள். திரும்பி வந்தபோது உடம்பில் ஷாக்கிரின் ரயில்வே கோட்டு. பித்தளைப் பொத்தான்கள். கீழே வீட்டுப் பாவாடை. கைகளில் அந்தக் கறுப்பு அங்கி, மடித்து, பெண் வீட்டுச் சீர் கொண்டுபோவது மாதிரி.

"எந்த ரயில் ஹாஜ்ஜா?" என்றான் தியாப்.

அவள் அவனைத் தாண்டிப் போனாள். மாடியேறி வார்டு வாசலில் நின்றாள். நிலைப்படியைத் தாண்டவில்லை. கட்டில்களின் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அவாத் அம்மா."

ராவியா சால்வையை இழுத்துப் பையனை மூடினாள்.

"துண்டு துண்டா எதுக்கு வெட்டச் சொல்ற? முழுசா கொண்டுவந்திருக்கேன். எடுத்துட்டுப் போய் எரி. ஆனா இங்க எரிக்க முடியாது. இந்த ஆஸ்பத்திரியைச் சுத்தி அடுப்பு இருக்குறது என் வீட்டுல மட்டும்தான். கரி இருக்கு, சாம்பிராணி இருக்கு, படிகாரம் இருக்கு. நீ வரணும். எரிக்கறதைப் பெத்தவ கண்ணால பார்க்கணும், தெரியும்ல?"

ராவியாவுக்கு அது தெரியும். சோலையிலும் அப்படித்தான். அவள் பையனைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள்.

"புள்ளைகிட்ட யாரு?"

"நான் இல்ல. பயப்படாத. கவாகிப் உட்காருவா. உன் கையாள்தானே."

கவாகிப் அவசரமாக நாற்காலிப் பக்கம் வந்து நின்றாள். ராவியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை எழுந்தாள்.

படியில் இன்ஸாஃப் முன்னால் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை, கைகொடுக்கவும் இல்லை. ஆனால் அவ்வளவு மெதுவாக அவள் படி இறங்கி யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் பெரிய தவலை நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவள் பேசவில்லை. ஒரு பழைய நெய்த் தகரத்தில் கரித்துண்டுகளைப் போட்டு ஊதினாள். ராவியாவிடம் அங்கியையும் பெரிய கத்திரியையும் கொடுத்தாள். ராவியா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்குளில் ஒட்டுப் போட்டிருந்தது.

"உங்களுக்கு வேற அங்கி இருக்கா?"

"அது எதுக்கு உனக்கு? எரி."

"முழுசா எரிச்சா இந்தக் குளிர்ல நீங்க செத்துப் போவீங்க. அந்தப் பாவமும் என் புள்ள தலையில விழணுமா?" என்று சொல்லிவிட்டு, பின்பக்க இடது ஓரத்தில், கவாகிப்பின் கத்திரி கடித்து வைத்த இடத்தையும் சேர்த்து ஒரு சாண் வெட்டினாள். கோணலாக வந்தது.

பிறகு காகிதத்தில் ஒரு பொம்மை வெட்ட வேண்டும். அதை ஊசியால் குத்திக்கொண்டே, யார் யார் கண்ணோ அவர்கள் பேரையெல்லாம் சொல்ல வேண்டும். குத்துவது வயதில் மூத்த பெண்ணின் வேலை. ராவியாவின் தாய் உயிரோடு இல்லை. மாமியார் கார்காவில். சந்தில் அந்த நேரம் யாரும் இல்லை.

"நீங்களே குத்துங்க" என்றாள் ராவியா, தரையைப் பார்த்துக்கொண்டு.

இன்ஸாஃப் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஊசியை எடுத்தாள். "இன்ஸாஃப் கண்ணுக்கு" என்று சொல்லி முதல் குத்துக் குத்தினாள். அடுத்தவர்களுக்குக் குத்தும்போது எப்படிக் குத்துவாளோ அப்படியே குத்தினாள். காகிதம் தாண்டி ஊசி அவள் பெருவிரலில் ஏறியது. "இன்ஸாஃப் பார்த்த பார்வைக்கு. அவ சொல்லாம விட்ட சொல்லுக்கு." இரத்தத்தைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். "இன்னும் யாரு? சொல்லு."

"எங்க மாமியார்."

"மாமியார் கண்ணுக்கு. முன்வாசல் கண்ணு, பின்வாசல் கண்ணு ரெண்டுக்கும். அப்புறம்?"

"நாத்தனார் அதியாத். அவளுக்குப் பொண்ணாவே பொறக்குது."

"அதியாத் கண்ணுக்கு. அப்புறம்?"

"பஸ்ல ஒருத்தர் மிட்டாய் கொடுத்தாரு. பேர் தெரியாது."

"மிட்டாய்க்காரன் கண்ணுக்கு."

ராவியா நிறுத்தினாள். புகை இன்னும் போடவில்லை, ஆனால் அவள் கண் நிறைந்துவிட்டது.

"இன்னும் ஒருத்தி இருக்கா."

"சொல்லு."

"அன்னிக்குக் காலையில, நீங்க வர்றதுக்கு முன்னால, அவன் தூங்கிட்டு இருந்தான். சன்னல் வெளிச்சம் மூஞ்சியில விழுந்துச்சு. இவ்வளவு அழகா ஒண்ணு எனக்கா கெடைச்சுதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். நானும் மாஷா அல்லாஹ் சொல்லல. மறந்துட்டேன்." அவள் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். "மூத்தவனையும் அப்படித்தான் பார்த்தேன். ரெண்டாவதையும்."

தாய்க்கண்ணும் படும் என்று நம்புகிற ஊர் இது. இன்ஸாஃப் அந்த நம்பிக்கையைத் தள்ளி வைத்துப் பேசவில்லை. ஊசியை ராவியாவின் கையில் கொடுத்து, அந்தக் கையைத் தன் கைக்குள் பிடித்து, பொம்மையில் மெதுவாக வைத்தாள். குத்தியதாகக்கூடச் சொல்ல முடியாது. தொட்டார்கள், அவ்வளவுதான்.

"ராவியா கண்ணுக்கு. அவ ஆசையாப் பார்த்த பார்வைக்கு. முடிஞ்சுது. இனி எத்தனை நாள் வேணும்னாலும் பார்த்துக்க."

பொம்மையும் துணித்துண்டும் கரியில் விழுந்தன. வெல்வெட் எரிந்த நாற்றம் வீட்டை நிறைத்தது. இரண்டு பேரும் இருமினார்கள். ராவியா இருமலோடு சேர்த்து அழுது தீர்த்தாள். வார்டில் அழ முடியாமல் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. இன்ஸாஃப் படிகாரத்துண்டைத் தணலில் போட்டாள். அது பொங்கி, உருகி, உறைந்து ஓர் உருவமாகும். யார் கண்ணோ அவர்கள் சாயல் அதில் வரும் என்பார்கள். ஆறியதும் இடுக்கியால் எடுத்து ராவியாவின் முன்னால் நீட்டினாள்.

"பாரு. என் மூக்கு இருக்கா?"

ராவியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்து பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. மறுபடி அழுகிறாள் என்று இன்ஸாஃப் நினைத்தாள்.

"எங்க மாமியார்" என்றாள் ராவியா. "தாடையைப் பாருங்க. அப்படியே எங்க மாமியார்."

சிரிப்பு அடங்கவே இல்லை. சிரித்த வேகத்தில் அவள் சுவரில் சாய்ந்தாள், சாய்ந்தவள் அப்படியே சரிந்தாள். இன்ஸாஃப் பிடித்துக்கொண்டாள்.

"புகைநாத்தத்தோட புள்ளைகிட்டப் போகக் கூடாது" என்றாள் இன்ஸாஃப். அந்தச் சட்டத்தை அவள் அந்த நிமிடம்தான் போட்டாள். "தண்ணி ரெடியா இருக்கு."

ராவியா குளித்தாள். இன்ஸாஃப் முதுகு தேய்த்துவிட்டு, சிக்கை எடுத்துச் சடை போட்டாள். பானையில் பருப்பு இருந்தது. கல் பொறுக்கிய பருப்பு. அதைத் தின்றுவிட்டு ராவியா கட்டாந்தரையில் விரித்த பாயில் விழுந்து, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அசையாமல் தூங்கினாள். எழுந்ததும் பதறினாள். பிறகு பானை காலியாக இருப்பதைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளே தேடி, காய்ந்த வெண்டைக்காயை உரலில் போட்டு இடித்து, பூண்டும் மல்லியும் தாளித்து, கார்காப் பக்கத்து முறையில் கெட்டியாக ஒரு பானை ஆக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

காய்ச்சல் அன்று சாயங்காலம் இறங்கியது. டாக்டரம்மாவின் ஊசி என்று தஹானி சொன்னாள். வெல்வெட் என்று கவாகிப் சொன்னாள். ஊசியும் இருந்தது, வெல்வெட்டும் இருந்தது. இரண்டு பேரிடமும் யாரும் சண்டைக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை பையனை உள்ளே கொண்டுபோனபோது ராவியா தன் காலில் நடந்து ஆபரேஷன் கதவு வரை கூடவே போனாள். நாற்காலி காலியாக இருந்தது. கவாகிப் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டுத் தாய்மார் பிள்ளையைப் பக்கத்துக் கட்டில்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஒவ்வொருத்தியாகத் தியாப்பிடம் வந்து, எதுவும் நடக்காத மாதிரி சாவி கேட்டார்கள். "என்ன, திடீர்னு எல்லாருக்கும் அழுக்காயிடுச்சா?" என்று அவன் ஒவ்வொருத்தியிடமும் கேட்டான். கேட்காமல் அவனால் இருக்க முடியாது.

ஓட்டை அடைபட்டது. பையனைத் தீவிரக் கண்காணிப்பில் வைத்திருந்து, பிறகு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த மறுநாள் காலை இன்ஸாஃப் வார்டு வாசலில் வந்து நின்றாள். இப்போது அங்கி உடம்பில். பின்னால் கோணலாக ஒரு சாண் இல்லை. அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. அவளைக் கூப்பிடாமல் அவள் வர மாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் ராவியாவைப் பார்த்தார்கள்.

ராவியா எழுந்தாள். நாற்காலியின் தூசியைச் சால்வையால் தட்டிவிட்டாள்.

"வாங்க ஹாஜ்ஜா. உட்காருங்க. நான் குளிச்சு ரெண்டு நாளாச்சு, பக்கத்துக் கட்டிலைக் கேளுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "வாயைத் திறக்கறப்ப மட்டும் பார்த்து" என்றாள்.

இன்ஸாஃப் வந்தாள். கட்டிலில் குனிந்தாள். பையன் மார்பில் கட்டு, உதடு வெடித்து, அந்த இரண்டு பச்சைக் கண் மட்டும் அப்படியே. அவள் நன்றாகப் பார்த்தாள். ராவியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாஷா அல்லாஹ்" என்றாள் இன்ஸாஃப். "எவ்வளவு அசிங்கமான பய. அவிச்ச கத்திரிக்காய் மாதிரி மூக்கு. இதுக்குப் போயா இவ்வளவு மெனக்கெட்டே?"

"வேற கெடைக்கல ஹாஜ்ஜா" என்றாள் ராவியா. சிரித்துக்கொண்டே சாவி வாங்கக் கீழே போனாள். படியில் அவள் செருப்புச் சத்தம் நிற்காமல் இறங்கியது.

இன்ஸாஃப் நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் குறைந்த துணி ஒரு பக்கம் சுருண்டு தொங்கியது. பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். குரல் இன்னும் தேறவில்லை, காற்று மாதிரி வந்தது.

"உன் துணியை யாரு கடிச்சா?"

"உங்க அம்மா."

பையன் யோசித்தான். "பசியா?"

"ஆமாடா கத்திரிக்காய். சரியான பசி" என்றாள் இன்ஸாஃப். "இப்பதான் சாப்பிடப் போயிருக்கா."